முழு இருதயத்தோடும் அன்புகூருவது: எங்கள் ஜெபக்கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதன்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிக்கிறோம், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். மாற்கு 12-ஆம் அதிகாரத்தை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம், ஐந்து வாரம் ஆனது. "முழு இருதயத்தோடும்" என்ற இடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் கேட்டது, முடிந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கேட்டது, நடுராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, ஷிஃப்டில் வேலை பார்க்கும் தாதி. ஆனால் இந்த வசனத்தோடு பல வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறேன். யூத போதகர்கள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தேடித் தேடிப் படித்தபோது என் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, வேர்தான் இன்னும் ஆழமாக இறங்கியது.

எந்த வசனம் இது? மோசே சொன்னதா, இயேசு சொன்னதா?

இரண்டு பேரும் சொன்னது. முதலில் வருவது உபாகமம் 6:4-5. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர். நீ உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக." யோர்தானைத் தாண்டப்போகும் ஜனங்களிடம், தான் தாண்டப்போவதில்லை என்று தெரிந்த மோசே சொன்னது. எபிரெயத்தில் முதல் சொல் "ஷெமா", கேள் என்று அர்த்தம். அதனால் யூதர்கள் இந்தப் பகுதியையே ஷெமா என்று அழைக்கிறார்கள்.

அப்புறம் மாற்கு 12-இல், எருசலேமில், ஒரு வேதபாரகர் இயேசுவிடம் வந்து கற்பனைகளிலெல்லாம், அதாவது கட்டளைகளிலெல்லாம், பிரதானமானது எது என்று கேட்கிறார். இயேசு புதிதாக ஒன்றைச் சொல்லவில்லை, இந்த ஷெமாவையே சொல்லி, கூடவே லேவியராகமம் 19:18-ஐ, அதாவது உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூரு என்பதைச் சேர்க்கிறார். அந்த வேதபாரகர் "சரிதான் போதகரே" என்கிறார். இயேசு அவரைப் பார்த்து நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல என்கிறார். வேதபாரகர் என்றாலே இயேசுவோடு சண்டை போட வந்தவர் என்று ஓய்வுநாள் பாடசாலையில் நம் மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது. இந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே வசனத்தின் முன் ஒன்றாக நிற்கிறார்கள், அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

அன்பு தானாக வர வேண்டியது இல்லையா? அதை எப்படிக் கட்டளையாகப் போட முடியும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்களில் பாதிப் பேர் குற்ற உணர்ச்சியோடு கேட்கிறார்கள். ஆராதனையில் பக்கத்தில் இருப்பவர் கண்ணீரோடு கைகளை உயர்த்துகிறார், எனக்கு ஒன்றும் வரவில்லையே, அப்போ நான் தேவனை நேசிக்கவில்லையா என்று.

அன்பு என்றால் உணர்ச்சி என்று நாம் முடிவு செய்துவிட்டதால் வந்த சிக்கல் இது. உபாகமம் எழுந்த உலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கனமும் இருந்தது. கி.மு. 672-இல் அசீரிய ராஜா எசரத்தோன் தன் மகன் அசுர்பானிபாலுக்காகச் சிற்றரசர்களிடம் வாங்கிய உடன்படிக்கையின் களிமண் பலகைகள் 1955-இல் நிம்ருதில் கிடைத்தன. அதில் உங்களை நேசிப்பதுபோல் அசுர்பானிபாலை நேசிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தச் சிற்றரசர்களிடம் யாரும் உருக்கத்தை எதிர்பார்க்கவில்லை. விட்டுப்போகாதே, வேறு ராஜாவிடம் சாயாதே, கூப்பிட்டால் வா என்பதுதான் அந்த நேசம். வில்லியம் மோரன் என்ற அறிஞர் 1963-இல் இந்த ஒற்றுமையை எடுத்துக் காட்டினார். உடன்படிக்கை அன்பு என்றால் உண்மையாயிருப்பது, அதனால் அதைக் கட்டளையிட முடியும்.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் உபாகமத்துக்கு நாம் அநியாயம் செய்கிறோம். அசீரிய ராஜா பயமுறுத்தி வாங்கினான். உபாகமம் 7-இல் கர்த்தர், நீங்கள் மற்ற ஜனங்களைவிட எண்ணிக்கையில் அதிகம் என்பதற்காக உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, நீங்கள் எல்லாரிலும் கொஞ்சம், உங்களில் அன்புகூர்ந்ததினால்தான் கொண்டுவந்தேன் என்கிறார். நேசித்துவிட்டுத்தான் நேசிக்கச் சொல்கிறார்.

என் வார்டில் ஒரு பெரியவர் தினமும் சாயங்காலம் வருவார், மனைவிக்குக் கஞ்சி ஊட்டுவார். அந்த அம்மாவுக்கு அவர் யார் என்று தெரியாது. சில நாள் கரண்டியைத் தட்டிவிடுவார், சில நாள் அவரைத் திட்டுவார். பெரியவர் முகத்தில் ஒரு பரவசமும் இருக்காது, களைப்புதான் இருக்கும். ஆறு மணியானால் ஃபிளாஸ்க்கோடு வந்து நிற்பார். அன்பைக் கட்டளையிட முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இருதயம், ஆத்துமா, பலம் என்று மூன்று இருக்கிறதே, மனிதனுக்கு மூன்று பாகமா?

எபிரெயத்தில் அப்படிக் கூறுபோட முடியாது. முதல் சொல் "லெவாவ்". இதை இருதயம் என்று மொழிபெயர்த்ததும் நமக்கு உணர்ச்சி ஞாபகம் வருகிறது, ஆனால் எபிரெயர்கள் யோசித்ததும் தீர்மானம் எடுத்ததும் லெவாவில்தான். தமிழனுக்கு இது கஷ்டமே இல்லை. "மனசில் நினைத்தேன்", "மனசில் வைத்துக்கொள்", "மனம் வந்தால் செய்" என்று யோசனை, ஞாபகம், விருப்பம் மூன்றையும் நாம் ஒரே மனசில்தான் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது "நெஃபெஷ்". இதற்குத் தொண்டை என்றும் ஓர் அர்த்தம் உண்டு. சங்கீதம் 69-இன் ஆரம்பத்தில் வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது என்று வருகிறதே, அங்கே அந்தச் சொல்தான், கழுத்துவரை தண்ணீர் வந்துவிட்டது என்கிறார். உடம்பை விட்டுப் பறந்துபோகும் ஏதோ ஒன்றைப் பற்றியது இல்லை இது. மூச்சு, பசி, தாகம், உயிர் எல்லாம் சேர்ந்த நெஃபெஷ். உயிரோடு என்று வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. "மெஓத்" என்றால் சாதாரணமாக "மிக", "ரொம்ப". எபிரெய வேதாகமத்தில் அது ஒரு பெயர்ச்சொல்லாக நிற்பது இரண்டே இடத்தில், ஒன்று இங்கே, இன்னொன்று 2 இராஜாக்கள் 23:25-இல், யோசியா ராஜா இந்த வசனத்தின்படியே கர்த்தரிடத்தில் திரும்பினான் என்று சொல்லும்போது. அதாவது வசனம், உன் "ரொம்ப" எல்லாவற்றோடும் நேசி என்கிறது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் திணறி, வல்லமை என்று போட்டார்கள். அரமேயத்தில் ஒங்கெலோஸ் என்ற பழைய மொழிபெயர்ப்பு சொத்து என்று போட்டது.

நம் தமிழ் வேதாகமத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பலம் என்று அதுவும் மொழிபெயர்த்தது, ஆனால் வினைச்சொல்லாக எதை எடுத்தது? அன்புகூருவாயாக. கூர்தல் என்றால் மிகுதல். தொல்காப்பியமே உரியியலில் "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்கிறது, ஏற்கெனவே உள்ளது இன்னும் மிகுந்து வருவதுதான் கூர்ப்பு. நேசி என்று மட்டும் சொல்லாமல், அன்பு மிகுந்து வழியட்டும் என்று அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது, மெஓத் அதற்குள்ளேயே இருக்கிறது. சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல், இது தெரிந்த நாளிலிருந்து என்னால் அதை அவசரமாகச் சொல்ல முடியவில்லை.

மாற்குவில் மட்டும் ஏன் நான்கு?

மாற்குவில் "முழு மனதோடும்" என்று ஒன்று கூடுதலாக இருக்கிறது, லூக்கா 10:27-லும் நான்குதான், மத்தேயு 22:37-இல் மூன்று, ஆனால் அங்கே பலத்துக்குப் பதில் மனது. கிரேக்கம் பேசுகிறவனுக்கு இருதயம் என்ற சொல்லில் யோசனை முழுசாக வராது என்பதால் அறிவைக் குறிக்கும் சொல்லைத் தனியாகச் சேர்த்தார்கள் என்பது என் புரிதல். எண்ணிக்கை மாறுவதால் கட்டளை மாறவில்லை, எதையும் வெளியே விட்டுவிடாதே என்பதுதான் எல்லாப் பட்டியலும்.

எனக்குள் கெட்ட எண்ணங்கள் இருக்கின்றன. அப்போ முழு இருதயம் எனக்குச் சாத்தியமே இல்லையா?

இதை என்னிடம் கேட்ட தம்பி கட்டாய தேசிய சேவையில் இருந்தான், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இரவு எழுதினான். அவனுக்கு நான் அனுப்பிய பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மிஷ்னா என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத போதனைத் தொகுப்பு. அதில் பெராக்கோத் என்ற பகுதியின் 9-ஆம் அதிகாரம் இந்த வசனத்துக்கு விளக்கம் தருகிறது. லெவாவ் என்ற சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை வருவதை வைத்து, உன் முழு இருதயத்தோடும் என்றால் உன் இரண்டு நாட்டங்களோடும், நல்ல நாட்டத்தோடும் கெட்ட நாட்டத்தோடும் என்கிறது. முதலில் வாசித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. கெட்டதை வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தமான மீதியோடு வா என்றுதானே எதிர்பார்ப்போம்? கோபம், ஆசை, போட்டி, பொறாமை இதெல்லாம் உன்னிடம் இருக்கும் பலமும்கூட, அதையும் இழுத்துக்கொண்டு வா, தேவனுக்கு முன்னால் நிறுத்து, அவர் பக்கம் திருப்பு என்கிறார்கள் ரபிகள், அதாவது யூத போதகர்கள். அப்போ முழு என்றால் பழுதில்லாத என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், ஒளித்துவைக்காத என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவர்கள் இதை வேறு விதமாகப் பேசுகிறோம், அதை மறைக்கக் கூடாது. பவுல் ரோமர் 7-இல் நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேனே என்று கதறுகிறார், விடுதலையைத் தன் முயற்சியில் தேடவில்லை, கிறிஸ்துவில் தேடுகிறார். ரபிகள் அந்த நாட்டத்தை அடக்கித் திருப்பச் சொல்கிறார்கள், நாம் அதை மீட்பருடைய கையில் கொடுக்கச் சொல்கிறோம். இரண்டிலும் மனிதன் தன் அசிங்கத்தை வீட்டில் பூட்டிவிட்டு ஜெபிக்க வருவதில்லை. தம்பிக்கு நான் எழுதியது இவ்வளவுதான், நீ கேட்டதே உன் இருதயத்தின் அந்தப் பக்கத்தையும் கொண்டுவந்ததுதான்.

முழு ஆத்துமாவோடும் என்றால் உயிரைக் கொடுக்க வேண்டுமா?

அதே மிஷ்னா, தேவன் உன் உயிரையே எடுத்தாலும் என்று விளக்குகிறது. இதற்கு ரபி அகிவா சாட்சி. ரோமருக்கு எதிராக பார் கோக்பா எழுப்பிய கலகம் கி.பி. 132 முதல் 135 வரை நடந்தது, அந்தக் காலத்தில் ரோமர்கள் அகிவாவைக் கொன்றார்கள். மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் சொல்வது இது: இரும்புச் சீப்புகளால் அவருடைய மாம்சத்தைக் கீறிக்கொண்டிருந்த நேரம் ஷெமா சொல்லும் நேரமாக இருந்தது, அவர் சொல்லத் தொடங்கினார். மாணவர்கள் தாங்காமல், குருவே, இந்த அளவுக்கா என்று கேட்டார்கள். என் வாழ்நாளெல்லாம் இந்த வசனத்தைப் பற்றிக் கலங்கினேன், இதை நிறைவேற்ற எப்போது வாய்ப்பு வரும் என்று, இப்போது வந்திருக்கும்போது நிறைவேற்றாமல் விடுவேனா என்றார். "ஒருவரே" என்ற கடைசிச் சொல்லை நீட்டிச் சொல்லிக்கொண்டே உயிர் விட்டார்.

இதை வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக என்னால் முடிந்ததில்லை. சிலுவையில் "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று சொன்னவரை ஆராதிக்கும் நமக்கு அகிவாவின் மரணம் அந்நியமாகத் தெரியக் கூடாது. நமக்கு அப்படி ஒரு நாள் வராமல் போகலாம். உயிர் என்பது மணி மணியாகவும் கொடுக்கப்படுகிறது, கஞ்சி ஊட்டும் பெரியவரைப்போல.

பலம் என்றால் பணமும் சேர்ந்ததா?

ஆமாம், ரபிகள் நேரடியாகவே உன் பணம் முழுவதோடும் என்கிறார்கள். உயிரையே கொடு என்று சொன்ன பிறகு பணத்தைச் சொல்வானேன் என்று ரபி எலியேசர் கேட்டு, அவரே பதிலும் சொல்கிறார்: சிலருக்குப் பணத்தைவிட உடம்பு பிரியம், அவர்களுக்கு உயிர் என்று சொல்லப்பட்டது, சிலருக்கு உடம்பைவிடப் பணம் பிரியம், அவர்களுக்குப் பணம் என்று சொல்லப்பட்டது. சிங்கப்பூரில் இருக்கும் நாம் இந்த இரண்டாவது வரியை நின்று வாசிக்க வேண்டும். வீட்டுக் கடன், மசேநிதி என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, டியூஷன் கட்டணம் என்று கணக்கு ஓடும் ஊர் இது, உடம்பு கெட்டாலும் ஓவர்டைம் விடாதவர்களை நான் வார்டில் படுக்கையில் பார்க்கிறேன்.

மாற்கு 12 எப்படி முடிகிறது தெரியுமா? அந்த ஏழை விதவை இரண்டு காசு போடுவதோடு. அவள் தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டாள் என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் அங்கே வரும் "ஹோலொஸ்" என்ற சொல்தான், பிரதான கற்பனையில் முழு, முழு, முழு, முழு என்று நான்கு முறை வந்த சொல். மாற்கு யோசித்துத்தான் இதைச் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டவர் வேதபாரகர், அவர் தூரமானவரல்ல. அந்தக் கற்பனையைச் செய்துகாட்டியது ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்தப் பெண்.

இதை வைத்து யாராவது உங்களிடம் காணிக்கைக்கு நெருக்கடி கொடுத்தால் அதற்குச் சில வசனம் முன்னால் வாசியுங்கள், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு எச்சரித்திருக்கிறார்.

தேவனை முழுசாக நேசித்தால் குடும்பத்துக்கு என்ன மிச்சம்?

மத்தேயு 10:37-இல் தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று இயேசு சொன்னது உண்மை. அதைச் சொன்னவரே மாற்கு 7-இல், அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை ஆயிற்று என்று சொல்லித் தப்பித்தவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தேவனுக்குக் கொடுக்கும் அன்பு ஒரு பானையிலிருந்து முதல் கரண்டியாக எடுப்பது இல்லை, பிறகு மற்றவர்களுக்குக் குறைந்துபோவதற்கு. சபையில் வாரம் நான்கு நாள் ஊழியம், வீட்டில் படுத்திருக்கும் அத்தையைப் பார்க்க நேரமில்லை என்றால், அதில் தேவன்மேல் அன்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப்பார்ப்பது நல்லது.

யூதர்கள் இதை எப்படிக் கைக்கொள்கிறார்கள்? சிங்கப்பூரில் பார்க்க முடியுமா?

வாட்டர்லூ ஸ்திரீட்டில் நடந்தால் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும், அதே தெருவில் இன்னொரு பக்கம் மகெய்ன் அபோத் என்ற யூத ஜெபாலயம், 1878-இல் கட்டியது. ஆக்ஸ்லி ரைஸில் செசெட்-எல் 1905-இல் வந்தது. இங்குள்ள பழைய யூதக் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் பாக்தாத்தில், இந்தியா வழியாக வந்தவர்களும் உண்டு. நாட்டின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான்.

காலையிலும் இரவிலும் ஷெமா சொல்கிறார்கள். முதல் வரியைச் சொல்லும்போது வலது கையால் கண்ணை மூடிக்கொள்வார்கள். தோரா, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்கள், எழுதிய சுருளில் அந்த வரியின் முதல் சொல்லின் கடைசி எழுத்தும், கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும், இரண்டையும் சேர்த்தால் "ஏத்", சாட்சி. வசனத்தை எழுதிய தோல் துண்டைக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்வது தெஃபிலின், வாசல் நிலையில் ஒரு சின்னக் கூட்டில் வைத்துப் பதிப்பது மெசூசா. உன் வீட்டு நிலைகளில் எழுது என்று உபாகமம் சொன்னதை அப்படியே செய்கிறார்கள்.

நம் வீடுகளிலும் கதவுக்கு மேல் "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்று மாட்டியிருக்கும். அது யோசுவா சொன்னது, நாம் அலங்காரமாக மாட்டினாலும் வேர் ஒன்றுதான். ஒரு வித்தியாசம், அவர்கள் போகும்போதும் வரும்போதும் மெசூசாவைத் தொட்டுவிட்டுப் போவார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தப் பலகையைக் கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தோம்?

யூதம் சட்டம், கிறிஸ்தவம் அன்பு என்று சொல்வது சரியா?

சரியில்லை. இதை நானும் ஒரு காலத்தில் சொன்னேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். காலை ஜெபத்தில் ஷெமாவுக்கு முன்னால் யூதர்கள் சொல்லும் ஸ்தோத்திரத்தின் முதல் சொற்களே மிகுந்த அன்பினால் எங்களை நேசித்தீர் என்பவை. தேவன் நேசித்தார் என்று சொல்லி முடித்த பிறகுதான் நேசி என்ற கட்டளைக்கு வருகிறார்கள். 1 யோவான் 4:19, "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்கிறது. வரிசை அதேதான்.

வித்தியாசம் இருக்கிறது, அது பெரியது. அந்த முந்திய அன்பை எங்கே பார்க்கிறாய் என்று கேட்டால் யூதர் எகிப்திலிருந்து விடுதலையையும் தோராவையும் காட்டுவார், நாம் பாவிகளாயிருக்கையில் நமக்காக மரித்த கிறிஸ்துவைக் காட்டுகிறோம். ஒருவரே கர்த்தர் என்பதை நாம் திரித்துவத்தோடு சொல்கிறோம், அவர்களால் அதை ஏற்க முடியாது. இதை மழுப்பி எல்லாம் ஒன்று என்று சொன்னால் இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை.

பிறனை நேசிப்பது இரண்டாவதுதானே, அப்போ அது கொஞ்சம் குறைவா?

எபிரெயத்தில் இரண்டு கட்டளையும் ஒரே வினைச்சொல்லில் வருகின்றன, "வெஆஹவ்தா", அன்புகூருவாயாக. அந்தச் சொல்தான் இரண்டையும் கட்டிப்போடுகிறது. பிறனை நேசி என்பது தோராவின் பெரிய விதி என்று சொன்னவரும் அந்த அகிவாதான். யோவான் இன்னும் வெளிப்படையாக, கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று கேட்கிறார். உபாகமம் 10-இல் அந்நியனையும் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியர்தானே என்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சிராங்கூன் ரோட்டுக்குச் சாப்பிடப் போகிறோம், அங்கே வாரத்தில் ஒரே நாள் ஓய்வில் ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும் தம்பிகள் நிற்கிறார்கள். நம் தாத்தாக்களும் அப்படிக் கப்பலில் வந்தவர்கள்தான்.

ஜெபிக்கவே மனம் வரவில்லை. அன்பு ஆறிப்போய்விட்டது. என்ன செய்வது?

2020-இல், ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் இருந்த அந்த வாரங்களில் எனக்கு இது நடந்தது. ஆலயம் மூடியிருந்தது, ஆராதனை திரையில். நான் பாதி நாள் அதையும் பார்க்கவில்லை, வேலை முடிந்து வந்தால் பேசக்கூட ஆசை இருக்காது. ஒன்று மட்டும் செய்தேன். கை கழுவும்போது இருபது விநாடி எண்ண வேண்டும், எண்ணுவதற்குப் பதிலாக இந்த வசனத்தை மெதுவாகச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவினேன் என்று கணக்கில்லை. அப்போது ஒரு சூடும் உள்ளே வரவில்லை. ஆனால் அதை விடவில்லை, அது என்னை விடவில்லை.

எங்கள் மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி 1728-இலேயே குருவானவர், அமெரிக்காவில் ஜார்ஜியாவரை ஊழியத்துக்குப் போய் மனம் உடைந்து திரும்பினார், 1738 மே 24 அன்றுதான் லண்டனில் ஒரு கூட்டத்தில் தன் இருதயம் அனலடைந்ததாக எழுதினார். பின்னாளில் அவர் கிறிஸ்தவப் பூரணம் என்று போதித்ததும் இந்த வசனத்தைத்தான், முழு இருதயத்தோடும் தேவனை நேசிப்பது என்று. அனல் வருவதற்கு முந்தைய அத்தனை வருட உழைப்பும் வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

1204-இல் இறந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் ஒரு மருத்துவரும்கூட. தேவனை நேசிக்கும் வழி என்ன என்று கேட்டு, அவருடைய படைப்புகளை உற்றுப் பார், அதிலுள்ள ஞானம் தெரிந்தால் உடனே நேசிப்பாய் என்று எழுதினார். இது எனக்கு உதவியது. காயம் மூடும் விதத்தைத் தினமும் பார்க்கிறேன், ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் நகர்ந்து வரும், யாரும் சொல்லிக்கொடுக்காமல். பார்த்துக்கொண்டே இருங்கள்.

எபேசு சபையிடம், ஆதி அன்பை விட்டாய் என்று வெளிப்படுத்தல் 2 சொல்கிறது. அதற்கு மருந்தாக அது என்ன சொல்கிறது என்று பாருங்கள், ஆதியில் உணர்ந்ததை உணர் என்று சொல்லவில்லை, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறது.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அவர்களுக்குத் தமிழே சரியாக வருவதில்லை.

வசனத்தின் தொடர்ச்சியிலேயே பதில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசு என்கிறது உபாகமம் 6:7. வகுப்பறை அதில் இல்லை. எம்.ஆர்.டி.யில் பேசலாம், சாப்பாட்டு மேசையில் பேசலாம், படுக்கையில் பேசலாம். ஆங்கிலத்தில் பேசினாலும் பரவாயில்லை, ஆனால் வசனத்தைத் தமிழில் ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. "கருத்தாய்ப் போதித்து" என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல்லுக்கு வேர் அர்த்தம் கூர்மையாக்குதல், கத்தியைச் சாணை பிடிப்பதுபோல. திரும்பத் திரும்பத் தீட்டு என்று அர்த்தம். அன்புகூரு என்பதிலும் அதே கூர் இருக்கிறதே என்று கூட்டத்தில் நான் சொன்னபோது, பாயில் படுத்துத் தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்த எட்டு வயதுப் பெண் எழுந்து உட்கார்ந்து, பென்சில் சீவுகிற மாதிரியா ஆன்ட்டி என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த புதன்கிழமை வசனத்தை முழுசாகத் தமிழில் சொன்னாள், "அன்புகூருவாயாக" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி.